கூச்சமில்லாத விளக்கு

"இனிமே பொழுது சாய்ஞ்சப்புறம் என் கார் ரோட்டுல இறங்காது! ஊருல இருக்கிற அத்தனை மோட்டார் விளக்குக்கும் புத்தி வர்ற வரைக்கும் இறங்காது! இது என் முடிவு!"

இந்தச் சபதத்தை நான் மேடையில் நின்று செய்யவில்லை. சாக்கடையில் நின்று செய்தேன். முழங்கால் வரை தண்ணீர். என் காரின் முன்சக்கரம் ஒன்றும் எனக்குத் துணையாகச் சாக்கடையில் இருந்தது. மற்ற மூன்றும் மேட்டில், என் மனைவியின் கட்சியில் இருந்தன.

"சபதம் முடிஞ்சுதா?" என்றாள் மேட்டிலிருந்து. "முடிஞ்சா செருப்பைப் பிடிங்க. ஒண்ணு மிதந்து போகுது."

"செருப்பா முக்கியம்? கண்ணு போச்சு! அந்தப் பல் டாக்டர் என் கண்ணைப் பிடுங்கிட்டுப் போயிட்டான்!"

"அவர் பல்லுதானே பிடுங்குவார்?"

இப்படிக் கேட்பவளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி ஆத்திரப்படுவது? ஆத்திரத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

நடந்தது இதுதான். அப்போது எங்கள் ஊரில் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலில் எல்லாக் கார்களுக்கும் கார்பைடு விளக்குதான். அது மின்மினிப் பூச்சிக்கு அண்ணன். எதிரே வருபவருக்கும் தொந்தரவில்லை, ஓட்டுபவருக்கும் உபயோகமில்லை. எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம். பிறகு மின்சார விளக்கு வந்தது. நானும் வாங்கி மாட்டினேன், அடக்கமான அளவில். அடுத்த வீட்டுப் பல் டாக்டரோ அண்டா மூடி அளவுக்கு இரண்டு வாங்கி மாட்டிவிட்டார். பாலத்துக்குப் பக்கத்தில் அவர் எதிரே வந்தால் ஒரே சமயத்தில் இரண்டு சூரியன் உதித்த மாதிரி இருக்கும். அன்று உதித்தன. எனக்கு அஸ்தமனம்.

"அப்போ அக்கா வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டாள் மனைவி, வண்டியைத் தூக்கிவிட ஆட்கள் வந்து சேருவதற்குள்.

அவள் அக்கா பாலத்துக்கு அப்பால் இருக்கிறாள். இரட்டைக் குழந்தை பெற்றிருந்தாள். ஒன்று தூங்கினால் மற்றது அழும். சாயங்காலம் ஒரு கை கூட இருந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். என் குடைக்கடையைச் சாத்திவிட்டு நான் வருவதே இருட்டுகிற நேரம். அதன்பிறகுதான் இவளைக் கொண்டுபோய் விட வேண்டும். விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் என் சகலை வருவார். வந்து தன் வயிற்றைப் பற்றிப் பேசுவார். காலையில் எப்படி இருந்தது, மத்தியானம் எந்தப் பக்கம் பொருமியது என்று ஒரு வயிறு விடாமல் சொல்வார். அவருக்கு இருப்பது ஒரு வயிறுதான், ஆனால் கேட்டால் அப்படித் தெரியாது.

"சபதம்னா சபதம்தான்" என்றேன் கம்பீரமாக. "உங்க அக்கா புரிஞ்சுப்பாங்க."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான ஆண்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போகும் வழியில் நேராகப் பல் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் சாணை பிடித்துக்கொண்டே போயிருந்தேன்.

"வாங்க குடைக்காரரே! உட்காருங்க!" என்றார்.

அங்கே இருந்தது ஒரே நாற்காலி. உட்கார்ந்தேன். நாற்காலி தானாகச் சாய்ந்தது. தலைக்குமேல் ஒரு விளக்கைத் திருப்பினார். அதுவும் அதே குடும்பத்து விளக்கு!

"டாக்டர்! நீங்க செய்யறது நியாய..."

"ஆ காட்டுங்க."

"ஆ..." என்றேன். அது ஆத்திரத்தில் வந்த ஆ. அவர் அதை வைத்தியத்துக்கு வந்த ஆ என்று எடுத்துக்கொண்டு ஒரு கண்ணாடியையும் ஒரு கொக்கியையும் வாய்க்குள் விட்டுவிட்டார்.

"நேத்துப் பாலத்துக்கிட்ட எதிர்ல வந்தது நீங்கதானே? அடடே, உங்களைப் பார்த்ததும் கை காட்டினேன். நீங்க பதிலுக்குச் சாக்கடைப் பக்கம் போயிட்டீங்க."

"ங்ஹா! ங்ஹ ங்ஹாங்!"

"விளக்கு கொஞ்சம் பெரிசுதான். ரோட்டுல குழி எப்படி இருக்கு பார்த்தீங்களா? நான் பார்க்கணுமில்லே? இந்தப் பல் ஆடுதே, வலிக்குதா?"

"ங்ஹ்ஹா!"

"அதான் கேட்டேன்."

என் குற்றச்சாட்டு முழுவதையும் அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு சொல்லும் வெளியே வராததால் எதற்கும் பதில் சொல்லவில்லை. பல்லோடு உள்ளே போனவன் பஞ்சோடு வெளியே வந்தேன். பல் கூச்சத்துக்கு மருந்து கொடுக்கிற மனிதர், ஊர் முழுக்கக் கண் கூச்சத்தைக் கொடுத்துக்கொண்டு திரிகிறார்! கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா அவருக்கு?

வீட்டுக்கு வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

"ங்கொண்ணும் ஷொல்லலே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் ங்கொண்ணும் ஷொல்லலே."

அவள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மெதுவாக, "அவரைத் திருத்தறது எதுக்குங்க? விளக்கைத் திருத்திடுங்களேன்" என்றாள். "மழைக்கும் வெயிலுக்கும் குடை பண்றவருக்கு ஒரு வெளிச்சத்துக்குக் குடை பண்ணத் தெரியாதா?"

எனக்குச் சட்டென்று ஒரு பல் முளைத்த மாதிரி இருந்தது. ஆமாம்! நான் ஏன் ஒரு பல் டாக்டரிடம் பல்லிளிக்க வேண்டும்? கண் கூசாத விளக்கை நானே செய்து, அதை என் வண்டியில் மாட்டி, ஊர் பார்க்க ஓட்டினால் அவர் வெட்கி நாணி அண்டா மூடிகளைக் கழற்றி அடுப்படிக்கு அனுப்ப மாட்டாரா?

ஆராய்ச்சி அன்றைக்கே தொடங்கியது. முதலில் விளக்குக் கண்ணாடியின் மேல்பாதியில் கடைக்காகக் காய்ச்சிய மாவுப்பசையைத் தடவினேன். விளக்கின் சூட்டில் பசை காய்ந்து அப்பளமாகச் சுருண்டு விழுந்தது. அடுத்து மெல்லிய காகிதம் ஒட்டினேன். அது புகைந்தது. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு தயாராக நின்றதால் கார் பிழைத்தது.

"வெளிச்சம் கீழே ரோட்டுக்குப் போகணும். மேலே எதிர்ல வர்றவன் கண்ணுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள்.

"அவ்வளவுதானேவா? அதுக்குத்தான் நான் மண்டையைக் குடைஞ்சுட்டு இருக்கேன்!"

"குடைஞ்சது போதும். குடை வைங்க."

வைத்தேன். குடைக்கம்பிகளை வெட்டி வளைத்து, கறுப்புத் துணியைத் தைத்து, ஒவ்வொரு விளக்குக்கும் மேலே ஓர் அரைக்குடை பொருத்தினேன். தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்ட மாதிரி அது விளக்கின் மேல்பாதியை மூடும். அதோடு விட்டேனா? இரண்டு குடையிலிருந்தும் ஒரு கயிற்றை எடுத்து ஓட்டுபவரின் கைக்குக் கொண்டுவந்தேன். எதிரே வண்டி வந்தால் கயிற்றை இழுக்க வேண்டும், குடை விரிந்து வெளிச்சம் தலைகுனியும். வண்டி போனதும் கயிற்றை விட வேண்டும், குடை மடங்கி வெளிச்சம் நிமிரும். செய்து முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

இனிச் சோதனை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரக்கடை வரைக்கும் ஓர் ஆளில்லாச் சாலை. காரை அங்கே நிறுத்தி, மனைவியைக் கயிற்றருகே உட்காரவைத்துவிட்டு நான் எதிரே போய் நிற்கப் புறப்பட்டேன்.

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றாள். "நின்னுட்டு இருக்கிற வண்டியா உங்களைச் சாக்கடையில தள்ளிச்சு?"

"இல்லை. வந்த வண்டி."

"அப்போ வர்ற வண்டியிலதானே சோதிக்கணும்?"

நியாயம். இவள் படிக்காமல் போனது விஞ்ஞானத்துக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

"ஆனா நான் எதிர்ல நிக்கணுமே. வண்டியை யார் ஓட்டுறது?"

"அதானே. யார் ஓட்டுறது?" என்று அவளும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. நாளைக்கே அதே மாதிரி ஒண்ணு பண்ணி அவர் கடையில தொங்கவிடுவார்."

ஐயோ! யோசித்தேன். நாலாபக்கமும் பார்த்தேன். பார்த்த இடத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"நீ ஓட்டு."

"ஐயையோ! நானா? எனக்குப் படபடன்னு வருதுங்க. வேண்டாங்க. எனக்கு எது பிரேக்கு, எது கிளட்ச்சுன்னுகூடத் தெரியாது."

"நான் சொல்லித் தரேன்!"

"பொம்பளைங்க ஓட்டினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கும் நான் பதில் சொல்றேன்! உனக்கு என் ஆராய்ச்சி முக்கியமா, நாலு பேர் முக்கியமா?"

"நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னுதான்..." என்று பெருமூச்சு விட்டபடி என் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

வாசகர்களே, மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கணவன்மார் உண்டு. அவளிடம் கெஞ்சிக் கற்றுக்கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

முதல் சில சாயங்காலங்கள் வண்டி தவளை மாதிரி வந்தது. பிறகு கழுதை மாதிரி வந்தது. பிறகு கார் மாதிரியே வந்தது. நான் எதிரே நடுரோட்டில் நின்று கண்ணை அகல விரித்துக் காத்திருப்பேன். வண்டி நெருங்கும்போது "இழு!" என்று கத்துவேன். "இழுத்துட்டேங்க!" என்று பதில் வரும். கண் கூசும். கூசுகிற கூச்சத்தில் எனக்கு வண்டியும் தெரியாது, விளக்கும் தெரியாது, குடையும் தெரியாது. பச்சையும் மஞ்சளுமாக வட்டங்கள்தான் தெரியும். அவள் வண்டியை நிறுத்திய பிறகு தடவிக்கொண்டே போய்ப் பார்த்தால், குடை அழகாக விரிந்திருக்கும்.

"விரிஞ்சுதானே இருக்கு? அப்புறம் ஏன் கூசுது?" என்பேன்.

"அதாங்க எனக்கும் புரியலை. துணி மெல்லிசோ?" என்பாள்.

துணியை இரட்டிப்பாக்கினேன். கூசியது. பச்சைத் துணி வைத்தேன். கூசியது. உள்பக்கம் கரி பூசினேன். கூசியது. என் கண்கள் சிவந்து வீங்கி, கடைக்கு வந்தவர்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"நேர் ரோட்டுல மட்டும் பார்த்தாப் போதுமா? திருப்பத்துலதான் ஜாஸ்தி கூசும்னு தோணுது" என்றாள் ஒருநாள்.

சரி என்று வண்டியைத் திருப்பக் கற்றுக்கொடுத்தேன். திருப்பத்திலும் கூசியது.

"மேட்டுல ஏறும்போது?"

கியர் மாற்றி மேடேற்றக் கற்றுக்கொடுத்தேன். மேட்டிலும் கூசியது.

"சந்துக்குள்ளே?"

சந்திலும் கூசியது.

"பின்னாலே போகும்போது எப்படி இருக்கும்?"

பின்னால் போகும்போது விளக்கு விலகித்தானே போகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்பக்கமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். அதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் அந்த அதிசயம் நடந்தது. வண்டி வந்தது. "இழு!" என்றேன். "இழுத்துட்டேங்க!" என்றாள். பளிச்சென்று எரிந்த வெளிச்சம் பணிவாகக் குனிந்து என் காலில் விழுந்தது. கார் முழுசாகத் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த அவள் முகம்கூடத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். என் வெற்றியில் இவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜெயிச்சுட்டேன்!" என்று நடுரோட்டில் குதித்தேன்.

"நாளைக்கு எல்லாருக்கும் காட்டிடலாங்க" என்றாள்.

மறுநாள் கடையைக் கொஞ்சம் முன்னதாகவே சாத்திவிட்டு, பல் டாக்டரிடம் பேச வேண்டிய வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே, லேசாக இருட்டத் தொடங்கியபோதே வீட்டுக்கு வந்தேன். கொட்டகையில் கார் இல்லை. கார் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"திருட்டு! கார் போச்சு!" என்று கத்தினேன்.

அடுத்த வீட்டு வாசலில் பல் டாக்டர் தன் காரை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தார். ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"குடைக்காரரே! பிரமாதம்! இப்பத்தான் பாலத்துல உங்க வண்டி எதிர்ல வந்துச்சு. கண்ணு கொஞ்சம்கூடக் கூசலை. என்ன ஒரு யோசனை!"

"என் வண்டியா? நான் இங்கே இருக்கேனே!"

"நீங்க இருக்கறது தெரியுது. வண்டியில உங்க வீட்டம்மா இருந்தாங்க. அக்கா வீட்டுக்குப் போறாங்களாம். நிறுத்தி ரெண்டு வார்த்தை பேசினேன். என் விளக்குக்கும் ரெண்டு தைச்சுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. நல்ல கைத்திறமை!"

"அது என் குடை! என் துணி! என் கண்ணு!"

"இருக்கட்டும், இருக்கட்டும். பொண்டாட்டி கெட்டிக்காரத்தனத்துல நமக்கும் பங்கு உண்டுதானே?" என்று முதுகில் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. இத்தனை நாளா பின்னால் ரோட்டுல பழகினாங்களே, அப்பெல்லாம் ஏன் குடையை மடக்கியே வெச்சிருந்தாங்க?"

"மடக்கியா?"

"என் சம்சாரம் மாடி ஜன்னல்லேருந்து தினம் பார்ப்பா. உங்ககிட்ட வந்து சேர்ற வரைக்கும் மடங்கியே இருக்குமாம். வண்டி நின்னப்புறம் கயித்தை ஒரு இழு. உடனே விரியுமாம். நீங்க தடவிட்டு வந்து பார்ப்பீங்களாம். அவ சிரிச்சுச் சிரிச்சு..."

மேற்கொண்டு எனக்குக் கேட்கவில்லை. நான் துணியை இரட்டிப்பாக்கியது, பச்சையாக்கியது, கரி பூசியது எல்லாம் கண்முன்னே வந்து நின்று கைதட்டின.

வாசல் படியில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருட்டி வெகுநேரம் கழித்துக் கார் வந்தது. தெருமுனையில் திரும்பி, அலுங்காமல் என் முன்னே நின்றது.

"வந்து ரொம்ப நேரமாச்சா?" என்றாள். "அக்காவுக்கு இன்னிக்குத்தான் ஒருவாய் சூடா சாப்பிட முடிஞ்சுது. ரெண்டு குழந்தையும் என் தோள்லயே தூங்கிடுச்சு."

"நீ என்னை ஏமாத்தினே! கயித்தை இழுக்கவே இல்லை!"

"முதல் நாளே இழுத்திருந்தா ஆராய்ச்சி முதல் நாளே முடிஞ்சிருக்கும். நான் பின்பக்கமா ஓட்டக் கத்திருக்க முடியுமா?"

"என் கண்ணு என்ன ஆகறது?"

"அதுக்குத்தான் தினம் ஈரத்துணி வெச்சேனே. என்னை நீங்க கொண்டுபோய் விடமாட்டேன்னு சாக்கடையில நின்னு சத்தியம் பண்ணினீங்க. நான் என்ன செய்ய? அக்கா அழுதுட்டே சமைக்கணுமா?"

நியாயம் எதிர்க்கட்சியில் இருக்கும்போது மனிதன் குரலை உயர்த்துவது வழக்கம். உயர்த்தினேன்.

"ஓட்டத் தெரிஞ்சாப் போதுமா? எதிர்ல வேற எவனாவது பெரிய விளக்கோட வந்தா என்ன பண்ணுவே? உன் வண்டிக்குக் குடை இருக்கு. அவன் வண்டிக்கு இருக்குமா? நீயும் சாக்கடையிலதான் போய் நிப்பே!"

"உட்காருங்க. ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். என் காரில் நான் உட்காராத இடம் அது. பாலத்தை நோக்கிப் போனோம். சொல்லிவைத்த மாதிரி மரக்கடை லாரி எதிரே வந்தது. அதன் விளக்குகளுக்கு முன் பல் டாக்டரின் விளக்குகள் வெறும் அகல். என் கண்ணுக்குள் மறுபடி பச்சை வட்டங்கள்.

"போச்சு! சாக்கடை! சாக்கடை!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினேன்.

வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது. லாரி கடகடவென்று பக்கத்தில் போயிற்று. நாங்கள் சாலையிலேயே இருந்தோம். பாதம் காய்ந்திருந்தது.

"எப்படி?" என்றேன். "உனக்குக் கண்ணு கூசலையா?"

"நான் விளக்கைப் பார்க்கவே இல்லையே. வேகத்தைக் குறைச்சு, நம்ம பக்கத்து ரோட்டோரத்தைப் பார்த்துட்டே வந்தேன். அன்னிக்கு நீங்க எங்கே பார்த்தீங்க?"

"விளக்கைத்தான். நல்லா முறைச்சேன்."

"முறைச்சா அது பயந்துடுமா?"

வீடு வந்து சேரும் வரை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். எவ்வளவு குடைத்துணி! எத்தனை கம்பி!

வெளிக்கதவுக்கு முன்னால் வண்டி நின்றது.

"இறங்கிக் கதவைத் திறங்க" என்றாள்.

"நானா?"

"ஓட்டுறவங்க எப்படி இறங்கறது?"

இறங்கினேன். பின்னாலிருந்து அவள் கயிற்றை இழுத்தாள். என் இரண்டு குடைகளும் பட்டென்று விரிந்தன. வெளிச்சம் மரியாதையாகக் குனிந்து தாழ்ப்பாளின்மேல் விழுந்தது. நடுநிலையோடு ஒன்று சொல்லத்தான் வேண்டும், கண் துளிக்கூடக் கூசவில்லை. அந்த விளக்கின் அருமையை ஊரிலேயே சரியாக அறிந்தவன் நான்தான் என்று நினைத்து, கொஞ்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"பாம்!" என்று ஹார்ன் அடித்தாள். நான் ஓரமாக ஒதுங்கினேன்.